விலையும் தீர்ப்பும்

1997ஆம் ஆண்டின் இறுதியில் பின்லாந்து தேசத்து நோக்கியா கம்பெனி, தனேலி அர்மாந்தோ என்னும் பொறியாளர் இயற்றிய பாம்பு விளையாட்டைத் தன் 6110 என்ற கைப்பேசியில் சேர்த்து விற்றபோது, அந்தப் பாம்பு நாளடைவில் உலகப் பிரசித்தி பெற்றதே தவிர, விமர்சகருக்கு அதனால் பிழைப்பு ஒன்றும் ஏற்பட்டுவிடவில்லை. பேசுவதற்கென்று வாங்கிய கருவியோடு இனாமாக வந்த பண்டத்தை நல்லதா கெட்டதா என்று யார் யாரிடம் போய் விசாரிப்பார்கள்?

காசு கொடுக்க வேண்டியவனுடைய சந்தேகத்திலிருந்துதான் இந்த விமர்சனத் தொழிலே உதித்தது. 1981இல் அமெரிக்காவில் ‘எலக்ட்ரானிக் கேம்ஸ்’ பத்திரிகையும் இங்கிலாந்தில் ‘கம்ப்யூட்டர் அண்ட் வீடியோ கேம்ஸ்’ பத்திரிகையும் தோன்றியதற்கும், 1986இல் ஜப்பானில் தொடங்கிய ‘ஃபாமிட்சு’, நான்கு பேரை உட்கார்த்தி ஆளுக்குப் பத்தாக நாற்பதுக்கு மதிப்பெண் வழங்கும் வழக்கத்தை நிலைநாட்டியதற்கும், கடைக்குப் போகிறவனுக்கு நம்பகமான ஓர் ஆலோசகன் வேண்டியிருந்ததே காரணம்.

கைப்பேசிக்கு அந்த ஆலோசகன் வந்து சேர்ந்தது, 2003 அக்டோபரில் 299 டாலர் விலையில் நோக்கியா வெளியிட்ட, கைப்பேசியும் விளையாட்டுக் கருவியும் ஒன்றான என்-கேஜ் என்னும் விசித்திரப் பிறவியின் காலத்தில். ஒரு விளையாட்டை எடுத்துவிட்டு மற்றொன்றைப் போட வேண்டுமானால், முதுகு மூடியைக் கழற்றி, பேட்டரியை வெளியே எடுத்து, அதன் அடியில் ஒளிந்திருக்கும் கார்டை மாற்றி, அனைத்தையும் பழையபடி பொருத்தி, கருவி மறுபடி உயிர் பெறும்வரை பொறுத்திருக்க வேண்டும். பேச வேண்டுமானாலோ அதன் விளிம்பைக் காதோடு ஒட்டி நிறுத்த வேண்டும். விமர்சகர்கள் இவ்விரண்டையும் பரிகசித்துத் தீர்த்தார்கள். மறு ஆண்டே வந்த க்யூடி மாதிரியில் இரண்டு குறைகளும் நீங்கியிருந்தன. எழுத்து ஒரு பொருளின் உருவத்தைத் திருத்த உதவிய அபூர்வ சந்தர்ப்பங்களுள் ஒன்றாக இதைச் சொல்லலாம்.

2008 ஜூலையில் ஆப்பிளின் ஆப் ஸ்டோர் சுமார் 500 செயலிகளோடு திறந்தது. அவ்வாண்டே டச் ஆர்கேடு என்னும் விமர்சனத் தளமும் பிறந்தது. பொத்தானே இல்லாத வழவழப்பான கண்ணாடியில், கட்டைவிரல் எங்கே நிற்கிறதென்று அந்த விரலுக்கே தெரியாமலும், பார்க்க வேண்டிய காட்சியை அதுவே மறைத்துக்கொண்டும் ஆடப்படுகிற ஆட்டங்களை நிறுத்துப் பார்ப்பதற்கு, பழைய கன்சோல் விமர்சகனிடம் தராசு கிடையாது. புதியவர்கள் அதை உண்டாக்கிக்கொண்டார்கள். ஆனால் ஒரு டாலருக்கும் குறைவாக விற்கும் பொருளுக்கு ஆயிரம் சொல் விமர்சனம் வாசிக்க, ஆட்டத்தை விரதம்போல் பாவிக்கும் தீவிர கேமரைத் தவிர வேறு எவருக்குப் பொறுமை இருக்கும்?

2009 அக்டோபரில், இலவசச் செயலிக்குள்ளும் பொருள் விற்கலாமென்று ஆப்பிள் அனுமதித்த பிறகு, இருந்த சொற்ப விலையும் மறைந்து, செலவு ஆட்டத்தின் வயிற்றுக்குள் புகுந்துகொண்டது. 1997இல் கம்ப்யூட்டரில் கீர்த்தி பெற்ற ‘டஞ்சன் கீப்பர்’ 2014இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் மூலம் கைப்பேசிக்கு வந்தபோது, சில பாறைகளைத் தோண்டி முடிக்க இருபத்துநான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும், அல்லது ரத்தினம் வாங்கி அவசரப்படுத்த வேண்டும் என்ற ஏற்பாட்டோடு வந்தது. யூரோகேமர் என்னும் விமர்சனத் தளம் பத்துக்கு ஒன்று போட்டது. அதைவிட சுவாரசியமானது அந்தச் செயலியின் ஆண்ட்ராய்டு பதிப்பு செய்த யுக்தி: எத்தனை நட்சத்திரம் தருகிறீர்கள் என்று கேட்டு, ஐந்து என்றவரை நேரே கடைக்கும், ஒன்று முதல் நான்குவரை என்றவரைக் கம்பெனிக்கே குறை எழுதும் இடத்துக்கும் அனுப்பியது. விமர்சகன் செய்யும் வேலையை விற்பவனே எடுத்துக்கொண்டான் என்பேன். அவ்வாண்டு ஜூலையில் பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு ஆணையம், இந்த ஆட்டத்தை ‘இலவசம்’ என்று விளம்பரம் செய்தது ஜனங்களை ஏமாற்றுவதாகும் என்று தீர்ப்பளித்தது.

டச் ஆர்கேடு 2024 செப்டம்பரில், வருமானம் போதாமல், தன் அலுவலை நிறுத்திக்கொள்வதாக அறிவித்தது. தொழில் அடியோடு அழிந்துவிடவில்லை, கேள்வி மாறிவிட்டது. 2020இல் சீனாவிலிருந்து வந்த ‘கென்ஷின் இம்பாக்ட்’டில் பாத்திரங்களைப் பெறக் குலுக்கல் போட வேண்டும்; உயர்ந்த பாத்திரம் ஒன்று ஒரு குலுக்கலில் விழும் வாய்ப்பு 0.6 சதவிகிதம், விழாமலே போனாலும் தொண்ணூறாவது குலுக்கலுக்குள் ஒன்று நிச்சயம். இன்றைய விமர்சகர் யூடியூபில் அமர்ந்து, காட்சியழகுக்கு இரண்டு நிமிஷம் ஒதுக்கிவிட்டு, மிச்சப் பொழுதெல்லாம் அந்தத் தொண்ணூறுக்கு எவ்வளவு பணம் ஆகும், காசே போடாதவன் அதைச் சேர்க்க எத்தனை வாரம் உழைக்க வேண்டும் என்ற கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார்.