வாஷிங்டன் நகரின் செர்ரி மரங்கள்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தலைநகரான வாஷிங்டனில், போட்டோமாக் ஆற்றை ஒட்டிய டைடல் பேசின் என்னும் நீர்நிலையைச் சுற்றி ஆயிரக்கணக்கான செர்ரி மரங்கள் நிற்கின்றன. ஆண்டுதோறும் மார்ச் இறுதியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ இவை இலைவிடும் முன்பே பூத்துக் குலுங்கும். சில நாட்களில் பூ உதிர்ந்துவிடும். அந்தச் சில நாட்களுக்காக உலகின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் வருகின்றனர். இம்மரங்கள் 1912ஆம் ஆண்டு ஜப்பான் அளித்த நன்கொடை என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. அரசுகளுக்கிடையே நடந்த பரிமாற்றமாகவே இது பெரும்பாலும் சொல்லப்படுகிறது. ஆனால் இதற்குப் பின்னால், எந்தப் பதவியிலும் இல்லாத ஒரு பெண் இருபத்துநான்கு ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்த வரலாறு உள்ளது.

எலைசா சிட்மோரின் கோரிக்கை

எலைசா ரூஹாமா சிட்மோர் (1856–1928) பத்திரிகையாளர், பயண நூலாசிரியர். நேஷனல் ஜியோகிராஃபிக் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இடம்பெற்ற முதல் பெண் இவரே. இவருடைய அண்ணன் அமெரிக்கத் தூதரகப் பணியில் ஜப்பானில் இருந்தார். அங்குச் சென்ற சிட்மோர், செர்ரி பூக்கும் காலத்தில் ஏழை பணக்காரர் வேறுபாடின்றி மக்கள் மரத்தடியில் கூடுவதைக் கண்டு வியந்தார்.

அக்காலத்தில் போட்டோமாக் ஆற்றங்கரை அழகான இடமாக இல்லை. சேறும் சதுப்புமாக நாற்றமடித்த பகுதி அது. இராணுவப் பொறியாளர்கள் ஆற்றைத் தூர்வாரி, அந்த மண்ணைக் கரையில் கொட்டிப் புதிய நிலத்தை உருவாக்கிக்கொண்டிருந்தனர். அந்த வெற்று நிலத்தில் செர்ரி மரங்களை நடலாம் என்பது சிட்மோரின் எண்ணம்.

1885ஆம் ஆண்டு நாடு திரும்பியதும், பொதுக் கட்டடங்கள் மற்றும் நிலங்களைக் கவனித்த இராணுவ அதிகாரியிடம் இதைச் சொன்னார். அவர் பொருட்படுத்தவில்லை. அந்த அதிகாரி மாறியதும் அடுத்தவரிடம் சொன்னார். அவரும் அப்படியே. செர்ரி மரம் வைத்தால் பழம் திருட வரும் சிறுவர்களை விரட்டக் காவல் போட வேண்டியிருக்கும் என்று ஓர் அதிகாரி கூறியதாகவும், இவை பழம் தராத பூமரங்கள் என்று விளக்கியபோது, பழமே தராத மரத்தால் என்ன பயன் என்று அவர் கேட்டதாகவும் சிட்மோர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். மரம் என்றாலே காய், கனி, விறகு என்று கணக்குப் பார்க்கும் வழக்கம் எல்லா ஊர்களிலும் உண்டு.

ஃபேர்சைல்டும் பள்ளி மாணவர்களும்

இதே காலத்தில் வேறொருவரும் செர்ரி மரத்தில் ஆர்வம் கொண்டிருந்தார். அவர் வேளாண்மைத் துறையில் பணியாற்றிய தாவர ஆய்வாளர் டேவிட் ஃபேர்சைல்டு. வாஷிங்டனின் குளிரையும் வெயிலையும் ஜப்பானிய மரங்கள் தாங்குமா என்பதை யாரும் சோதித்துப் பார்த்திருக்கவில்லை. ஃபேர்சைல்டு 1906ஆம் ஆண்டு யோகஹாமா நாற்றங்காலிலிருந்து 75 பூஞ்செர்ரி மரங்களையும், கிளைகள் தொங்கும் வகையில் 25 மரங்களையும் தருவித்து, நகருக்கு வெளியே செவி சேஸ் என்னுமிடத்தில் இருந்த தம் சொந்த நிலத்தில் நட்டார். அவை நன்றாக வளர்ந்தன.

அடுத்து அவர் செய்ததுதான் முக்கியமானது. 1908ஆம் ஆண்டு மரம் நடும் நாளையொட்டி, நகரின் ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் மாணவர்களை வரவழைத்து, பள்ளி வளாகத்தில் நடுவதற்குச் செர்ரி நாற்றுகளைக் கொடுத்தார். அன்றைய உரையின் முடிவில், ஆற்றங்கரைச் சாலை முழுவதையும் செர்ரித் தோட்டமாக மாற்றலாம் என்றும் பேசினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் சிட்மோரும் ஒருவர்.

அதிகாரிகளைக் கேட்டுச் சலித்த சிட்மோர், 1909ஆம் ஆண்டு வழியை மாற்றினார். பொதுமக்களிடம் பணம் திரட்டி மரங்களை வாங்கி நகருக்குக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்து, புதிய அதிபரின் மனைவி ஹெலன் டாஃப்டுக்குக் கடிதம் எழுதினார். திருமதி டாஃப்ட் ஜப்பானில் தங்கியிருந்தவர். செர்ரிப் பூக்களைப் பார்த்தவர். ஏப்ரல் 7ஆம் நாளே இசைவான பதில் வந்தது. மறுநாளே இன்னொரு நல்வாய்ப்பு அமைந்தது. அட்ரினலினைப் பிரித்தெடுத்த வேதியியலறிஞர் ஜோகிச்சி தகாமினே அப்போது வாஷிங்டனில் இருந்தார். செய்தியைக் கேள்விப்பட்டதும், 2,000 மரங்கள் தந்தால் ஏற்றுக்கொள்வார்களா என்று கேட்டார். தனிமனிதர் தருவதைவிட டோக்கியோ நகரத்தின் பெயரில் தருவது பொருத்தமாக இருக்கும் என்று உடனிருந்த ஜப்பானியத் தூதரக அதிகாரி யோசனை கூறினார். டோக்கியோ மேயர் யுகியோ ஓசாகி இதை ஏற்றார். இருபத்துநான்கு ஆண்டுகள் நகராத காரியம் இரண்டே நாட்களில் நடந்தது.

எரிக்கப்பட்ட மரங்கள்

2,000 மரங்கள் 1910 ஜனவரி 6 அன்று வாஷிங்டன் வந்து சேர்ந்தன. அரசின் பூச்சியியல் அறிஞர்கள் அவற்றைச் சோதித்தபோது அதிர்ச்சி காத்திருந்தது. வேர்களில் நூற்புழுக்கள், பட்டைகளில் செதில் பூச்சிகள், தண்டுக்குள் துளைப்பான்கள் என்று எல்லாம் இருந்தன. சோதனைக்குத் தலைமை தாங்கிய சார்லஸ் மார்லட், மரங்களை எரித்துவிட வேண்டும் என்றார். இவரும் ஃபேர்சைல்டும் சிறுவயது நண்பர்கள். வெளிநாட்டுத் தாவரங்களை நாட்டுக்குள் கொண்டுவருவது ஒருவரின் பணி. அவற்றோடு வரும் பூச்சிகளைத் தடுப்பது மற்றவரின் பணி.

மார்லட் வீண் அச்சம் கொண்டார் என்று சொல்லிவிட முடியாது. வெளியிலிருந்து வந்த செதில் பூச்சி அமெரிக்கப் பழத்தோட்டங்களுக்கு ஏற்கெனவே பெரும் சேதம் விளைவித்திருந்தது. ஆனால் நட்புக்காகத் தரப்பட்ட மரங்களைத் தீயிலிடுவது ஒரு நாட்டை அவமதிப்பதாக ஆகிவிடுமோ என்ற கவலையும் பெரிதாக இருந்தது. ஜனவரி 28 அன்று அதிபர் டாஃப்ட் இசைவளித்தார். மரங்கள் எரிக்கப்பட்டன.

மேயர் ஓசாகி கோபப்படவில்லை. புதிதாக மரங்களை உருவாக்கித் தர முனைந்தார். செலவுக்குத் தகாமினே முன்வந்தார். இந்த முறை வேலை முறையாக நடந்தது. டோக்கியோவின் அடாச்சி பகுதியில் அரகாவா ஆற்றங்கரையில் இருந்த புகழ்பெற்ற செர்ரி மரங்களிலிருந்து 1910 டிசம்பரில் ஒட்டுக்குச்சிகள் எடுக்கப்பட்டன. ஹ்யோகோ மாவட்டத்தின் இத்தாமி நகரில் வளர்க்கப்பட்ட வேர்ச்செடிகளில் அவை ஒட்டப்பட்டன. முதிர்ந்த மரங்களுக்குப் பதிலாக, பூச்சியற்ற இளங்கன்றுகளாக 3,020 மரங்கள், 12 வகைகளில், 1912 பிப்ரவரி 14 அன்று யோகஹாமாவிலிருந்து கப்பலேறின. சியாட்டில் துறைமுகம் வந்து, அங்கிருந்து இரயில் மூலம் மார்ச் 26 அன்று வாஷிங்டன் சேர்ந்தன. சோதனையில் ஒரு குறையும் இல்லை.

மறுநாள் எளிய விழா நடந்தது. முதல் மரத்தைத் திருமதி டாஃப்டும், அடுத்ததை ஜப்பானியத் தூதரின் மனைவி சிந்தா சீமாட்டியும் நட்டனர். அவ்விரு மரங்களும் டைடல் பேசினின் வடகரையில் இன்றும் உள்ளன. அதே ஆண்டு ஆகஸ்டில் தாவரத் தொற்றுத்தடுப்புச் சட்டம் அமெரிக்காவில் நிறைவேறியது. எரிந்த மரங்கள் அச்சட்டத்துக்கு ஒரு காரணமாயின.

மரங்களுக்காகப் போராட்டம்

ஜெஃபர்சன் நினைவகம் கட்டுவதற்காகச் செர்ரி மரங்களை அகற்றும் பணி 1938ஆம் ஆண்டு தொடங்கியபோது, நகரப் பெண்கள் வெள்ளை மாளிகைக்கு மனுவோடு சென்றனர். சிலர் மண்வெட்டிகளைப் பறித்தனர். சிலர் தங்களைச் சங்கிலியால் மரத்தோடு பிணைத்துக்கொண்டனர். அதிகாரி ஒருவர் அவர்களுக்கு உணவும் நிறைய காப்பியும் கொடுத்து உபசரித்தாராம். காப்பி குடித்தவர்கள் சிறிது நேரத்தில் தாங்களே சங்கிலியைக் கழற்ற வேண்டியதாயிற்று என்று சொல்லப்படுகிறது. போராட்டத்தை முன்னின்று நடத்திய சிஸ்ஸி பேட்டர்சன் ஒரு நாளிதழின் உரிமையாளர். அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்தவர். ஆகவே மரப்பற்றோடு அரசியலும் பத்திரிகை விற்பனையும் கலந்திருந்தன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நினைவகம் கட்டப்பட்டது.

பேர்ள் துறைமுகத் தாக்குதலுக்கு நான்கு நாட்களுக்குப் பிறகு, 1941 டிசம்பர் 11 அன்று, நான்கு செர்ரி மரங்கள் வெட்டப்பட்டுக் கிடந்தன. வெட்டியவர் யார் என்பது தெரியவில்லை. போர் முடியும்வரை அவற்றை ஜப்பானிய மரங்கள் என்று சொல்வதைத் தவிர்த்து, கீழைநாட்டு மரங்கள் என்றே அழைத்தனர். போருக்குப் பின் அரகாவா ஆற்றங்கரையின் தாய்மரங்கள் நலிந்தபோது, 1952ஆம் ஆண்டு வாஷிங்டனிலிருந்து ஒட்டுக்குச்சிகள் ஜப்பானுக்கு அனுப்பப்பட்டன.

யாருக்கான அழகு?

டைடல் பேசினில் 1918 முதல் 1925 வரை இருந்த குளியல் கடற்கரையில் வெள்ளையருக்கு மட்டுமே இடம் இருந்தது. கரையில் செர்ரி பூத்திருந்தது. கறுப்பின மக்கள் நீரில் இறங்க முடியாது. பொது இடத்தை அழகுபடுத்துவது பற்றிய எழுத்துகளில் இது பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

1965ஆம் ஆண்டு அதிபரின் மனைவி லேடி பேர்ட் ஜான்சன் தலைநகரை அழகுபடுத்தும் குழு ஒன்றை அமைத்தபோது, இந்தக் கேள்வி வேறு வடிவில் எழுந்தது. குழு உறுப்பினரான செல்வந்தர் மேரி லாஸ்கர், சுற்றுலாப் பயணிகள் கூடும் நினைவிடங்களிலும் சாலைகளிலும் பூக்களை நிறைக்க விரும்பினார். பின்னாளில் நகரின் மேயரான வால்டர் வாஷிங்டனோ, ஏழைகள் வாழும் பகுதிகளின் பள்ளி வளாகங்களையும் விளையாட்டுத் திடல்களையும் செப்பனிட வேண்டும், அதில் அப்பகுதிச் சிறுவர்களே ஈடுபட வேண்டும் என்றார். இரண்டும் ஓரளவு நடந்தன. அவ்வாண்டு ஜப்பான் தந்த மேலும் 3,800 செர்ரி மரங்கள் பெரும்பாலும் வாஷிங்டன் நினைவுத் தூணைச் சுற்றியே நடப்பட்டன.

அண்மைக்கால நிலை

சிட்மோர் 1928ஆம் ஆண்டு ஜெனீவாவில் காலமானார். அவருடைய சாம்பல் யோகஹாமா கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. வாஷிங்டனிலிருந்து கொண்டுவரப்பட்ட செர்ரி மரம் ஒன்று பின்னாளில் அருகே நடப்பட்டது.

டைடல் பேசினின் கரைச்சுவர் அமிழ்ந்து, நீர் அன்றாடம் நடைபாதையில் ஏறி, வேர்களை அழுகச் செய்து வந்தது. சுவரைப் புதிதாகக் கட்டுவதற்காக 2024ஆம் ஆண்டு 158 செர்ரி மரங்கள் அகற்றப்பட்டன. உள்ளே கூடாகிப்போன தண்டும் ஒன்றிரண்டு கிளைகளுமாக நின்று, ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் பூத்த ‘ஸ்டம்பி’ என்ற மரமும் அவற்றில் ஒன்று. பார்வையாளர்கள் பலர் அதைக் காணவென்றே வந்தனர். வெட்டுவதற்கு முன் அதிலிருந்து குச்சிகள் எடுக்கப்பட்டு, தேசிய மரப்பூங்காவில் புதிய கன்றுகள் உருவாக்க அனுப்பப்பட்டன. ஈடாக 250 மரங்களைத் தருவதாக ஜப்பான் அறிவித்தது.