ஒரே காசு, முப்பது தரம்: ‘கிரேடு செட்’ சேகரிப்பு என்றால் என்ன?

நாணயம் சேகரிப்பவர் என்றதும் நாட்டுக்கு ஒன்று, ஆண்டுக்கு ஒன்று என்று ஆல்பத்தை நிரப்புபவர்தான் நினைவுக்கு வருவார். இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் ஒரே காசைத் திரும்பத் திரும்ப வாங்குகிறார்கள். முகமே தெரியாமல் வழுக்கையாகத் தேய்ந்தது ஒன்று, பாதி தேய்ந்தது ஒன்று, அச்சடித்த நாளின் மினுமினுப்போடு ஒன்று என்று, தேய்மானத்தின் ஒவ்வொரு படிக்கும் ஒரு காசு. இதன் பெயர் ‘கிரேடு செட்’.

வேலையத்த வேலை மாதிரி தெரியலாம். ஆனால் பாட்டி பெட்டியிலிருந்து ஒரு வெள்ளி ரூபாய் உங்கள் கைக்கு வந்தாலோ, இன்ஸ்டாகிராமில் ஒருவர் “யுஎன்சி பீஸ் சார்” என்று விலை சொன்னாலோ, எல்லாம் தரத்தில்தான் போய் நிற்கும். ஒரே ஆண்டு, ஒரே அச்சகம், ஒரே ராஜா. ஒன்றுக்கு வெள்ளி விலை, இன்னொன்றுக்கு அதைப்போலப் பல மடங்கு. அந்த வித்தியாசத்தை உங்கள் கண்ணால் பார்க்க முடியவில்லை என்றால், விற்பவர் சொல்வதுதான் விலை.

எழுபது எண், முப்பது தரம்

தரத்துக்கு எண் கொடுக்கும் வழக்கத்தைத் தொடங்கியவர் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்க உளவியலாளர். மனித உடல்வாகை மூன்று வகையாகப் பிரித்த அதே ஷெல்டன்தான். 1949ல், பழைய அமெரிக்கச் செப்புக் காசுகளுக்காக 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் கொடுத்தார். அடையாளம் மட்டும் தெரியும் காசு 1 டாலர் என்றால், குறையே இல்லாதது 70 டாலர். எண்தான் விலை என்பது கணக்கு. சந்தை அதை ரொம்ப நாள் மதிக்கவில்லை. விலைக் கணக்கு போய்விட்டது, எண் மட்டும் நின்றுவிட்டது.

தரத்தின் மதிப்பு ஷெல்டனுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் சேகரிப்பிலிருந்த நல்ல காசுகளை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் தன்னுடைய மட்டமான காசுகளை வைத்திருந்தார் என்பது அவர் இறந்த பிறகு வெளிவந்தது.

இன்று பிசிஜிஎஸ், என்ஜிசி என்ற இரண்டு அமெரிக்க நிறுவனங்கள் காசைப் பரிசோதித்து, எண் போட்டு, பிளாஸ்டிக் உறையில் மூடித் தருகின்றன. எழுபது எண்களையும் அவை பயன்படுத்துவதில்லை. ‘பிளஸ்’ போன்ற ஒட்டுகளை விட்டுவிட்டால் மொத்தம் 30 தான். புழங்கிய காசுக்கு 1, 2, 3, 4, 6, 8, 10, 12 என்று தாவித்தாவி 58 வரை 19 படிகள். புழங்காத காசுக்கு 60 முதல் 70 வரை 11 படிகள். டேட்டா வேலை பார்ப்பவர்களுக்கு உடனே புரியும்: இது வரிசை எண், அளவு இல்லை. 40 தரக் காசு 20 தரக் காசைவிட இரு மடங்கு நல்லது என்று பொருளே கிடையாது.

பெயர்களும் ஏமாற்றும். ‘குட்’ என்றால் எண் 4. உருவத்தின் வெளிக்கோடு தெரியும், உள்ளே ஒன்றும் இருக்காது. ‘ஃபைன்’ என்றால் 12. விற்பவர் “குட் கண்டிஷன்” என்று சொன்னால், ஆங்கிலத்தில் சொல்கிறாரா காசு மொழியில் சொல்கிறாரா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ஏணியின் இரண்டு முனைகள்

அமெரிக்காவில் இந்தச் சேகரிப்புக்குப் பிரபலமான காசு மார்கன் வெள்ளி டாலர். 1878 முதல் 1904 வரையும், பிறகு 1921லும் அச்சானது. கோடிக்கணக்கில் அச்சடித்தும், பெரும்பாலானவை மக்கள் கைக்கு வராமல் ஆயிரம் காசு கொண்ட மூட்டைகளாகக் கருவூலத்திலும் வங்கியிலும் கிடந்தன. இதனால் இரண்டு விசித்திரங்கள்.

ஒன்று, மூட்டைக்குள் ஒன்றோடொன்று மோதிக் கன்னத்திலெல்லாம் தழும்பு. புழங்காத காசு ஏராளமாகக் கிடைக்கும், குறையில்லாதது கிடைக்காது. இரண்டு, அதிகம் புழங்காததால் முழுக்கத் தேய்ந்ததும் அரிது. எண் 1 வேண்டுமென்று தேடுபவர்கள், அதைவிட நன்றாக இருக்கும் எண் 4 காசுக்குக் கொடுப்பதைவிட அதிக விலை கொடுக்கிறார்கள். ஆகக் குறைந்த தரத்தில் யார் செட்டை முடிப்பது என்று ‘லோபால்’ போட்டியே நடக்கிறது. நடுப்படிகள்தான் மலிவு.

58க்கும் 60க்கும் நடுவில் இன்னொரு வேடிக்கை. 58 என்பது லேசாகக் கைபட்ட காசு. பார்க்க அழகாக இருக்கும். 60 கைபடாதது, ஆனால் தழும்பு நிறைந்தது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பலருக்கு 58தான் பிடிக்கும்.

டாலர் ரூபாயான கதை

முதல் உலகப் போரின்போது இந்தியாவில் மக்கள் காகித நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாய் கேட்கத் தொடங்கினார்கள். அரசின் கையிருப்பு கரைந்தது. ஏப்ரல் 1918ல் அமெரிக்கா ‘பிட்மன் சட்டம்’ கொண்டுவந்து, சுமார் 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கியது. அதில் ஏறக்குறைய 26 கோடி டாலரின் வெள்ளி, இந்தியாவுக்காக பிரிட்டனுக்கு விற்கப்பட்டது. 1918ல் மட்டும் பம்பாய், கல்கத்தா அச்சகங்கள் சேர்ந்து 40 கோடிக்கு மேல் ஒரு ரூபாய்க் காசு அடித்தன.

அதனால்தான் இங்கே கிரேடு செட் தொடங்க 1918ஆம் ஆண்டின் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் தோதானது. எடை 11.66 கிராம், அதில் சுமார் 10.7 கிராம் சுத்த வெள்ளி. நிறைய கிடைக்கும், நிஜமாகவே கைமாறிக் கைமாறித் தேய்ந்த காசு.

முப்பதும் வேண்டாம், ஆறேழு படி போதும். ஆனால் ஒரே அச்சகமாக இருக்கட்டும். பின்பக்கப் பூவேலையின் அடியில் சின்னப் புள்ளி இருந்தால் பம்பாய், இல்லையென்றால் கல்கத்தா. வரிசையாக வைத்து மன்னரின் கிரீடம், தாடி, அங்கியில் தொங்கும் மாலையின் யானை மூன்றையும் பாருங்கள். (1911 காசில் இந்த யானை பன்றி மாதிரி இருக்கிறது என்று எதிர்ப்பு கிளம்பி, மறு ஆண்டே திருத்தினார்கள். அந்த 1911 காசு விலை அதிகம், இந்த செட்டுக்கு வேண்டாம்.) பிறகு ஒற்றை விளக்கின் கீழ் காசை மெல்லச் சாய்த்துத் திருப்புங்கள். புழங்காத காசில் வெளிச்சம் சக்கரத்தின் ஆரம் போலச் சுற்றி வரும். தேய்த்துப் பளபளப்பாக்கிய காசில் அது சுற்றாது, மொத்தமாகக் கண்ணாடி மாதிரி மின்னும்.

நம் வீடுகளில் நடக்கும் பெரிய சேதமே இதுதான். வெள்ளி விளக்கை விபூதி போட்டுத் தேய்க்கும் கை, பழைய ரூபாயையும் விட்டுவைப்பதில்லை. புளி, பற்பசை எல்லாமே மேற்பரப்பைச் சுரண்டும். அப்படிப்பட்ட காசு எவ்வளவு தெளிவாக இருந்தாலும் தர நிறுவனங்கள் சாதாரணமாக எண் கொடுக்காது, ‘டீட்டெய்ல்ஸ்’ என்று ஒதுக்கிவிடும். பதக்கமாகக் கோத்த காசின் பற்றவைத்த தடத்துக்கும் அதே கதி. கறுத்திருந்தால் கறுப்பாகவே விடுங்கள். மிருதுவான பிவிசி உறையும் வேண்டாம், நாளடைவில் பச்சைப் பிசுக்கு படியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டு கடந்த நாணயமும் தொல்பொருள்தான். 1918 ரூபாய் அந்தக் கணக்கில் எப்போதோ வந்துவிட்டது. தனிநபர் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும். ‘அமெரிக்காவுக்குக் கூரியரில் அனுப்பி எண் வாங்கிவிடலாம்’ என்ற யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். உறையில்லாத காசை உங்கள் கண்ணை நம்பித்தான் வாங்கப்போகிறீர்கள் என்பதால், இந்தப் பயிற்சிக்கு இங்கே தேவை இன்னும் அதிகம்.

பழைய காசை லட்சக்கணக்கில் வாங்கிக்கொள்கிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள் என்று ரிசர்வ் வங்கி பெயரில் வரும் செய்திகள் மோசடி. தாங்கள் இதில் ஈடுபடுவதே இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021லேயே எச்சரித்திருக்கிறது.

மார்கன் டாலரைப் போலவே, இந்த ரூபாயிலும் அடிப்படி அவ்வளவு லேசில் அகப்படாது. காரணம் மட்டும் வேறு. ரொம்பத் தேய்ந்ததற்குச் சேகரிப்பு மதிப்பு இல்லை என்று உருக்கிவிடுகிறார்கள். தெரிந்த வெள்ளிக் கடை இருந்தால் உருக்கப்போகும் குவியலைக் காட்டச் சொல்லுங்கள். ராஜா முகம் போனால் பரவாயில்லை, 1918 என்பது படிக்க முடிந்தால் எடை போட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.