ம்பிராவும் எங்கள் றபானும்

கொஞ்சம் நீண்ட பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

சிம்பாப்வேயில் ம்பிரா என்றொரு வாத்தியம் உண்டு. பலகையில் வரிசையாகப் பூட்டிய இரும்பு நாக்குகளைப் பெருவிரல்களால் தட்டி வாசிப்பார்கள். 2020 மே 21ஆம் திகதி கூகிள் அதைத் தன் முகப்பில் ஒரு விளையாட்டாக வைத்தது. திரையைத் தொட்டால் ம்பிரா ஒலிக்கும். அதே ஆண்டு யுனெஸ்கோவும் அக்கலையை மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்த விளையாட்டை இன்றும் இணையத்தில் திறக்கலாம். வகுப்பில் காட்டினோம். ஒரு பிள்ளை கேட்டது: "சேர், எங்கட றபானும் இப்பிடி இருக்கா?"

தேடிப் பார்த்தோம். முல்லைத்தீவுப் பக்கத்து றபான் என்று சொல்லி ஒரு சின்ன ஒலிப்பதிவுகூட எங்கள் கண்ணில் படவில்லை.

ஆப்பிரிக்காவுக்கு இது ஒரே நாளில் கிடைக்கவில்லை. ஹியூ ட்ரேசி என்ற ஆங்கிலேயர் 1920களில் அன்றைய ரொடீசியாவுக்கு விவசாயம் செய்யப் போனவர். அங்கே கூலியாட்கள் பாடியதைக் கேட்டு மனம் பறிகொடுத்து, பின்னர் ஊர் ஊராக ஒலிப்பதிவுக் கருவியோடு அலைந்தார். 1954இல் ஆப்பிரிக்க இசைக்கென ஒரு நூலகமே நிறுவினார். தென்னாப்பிரிக்காவில் இருக்கும் அந்த நூலகம் பழைய பதிவுகளை எண்ணிமப்படுத்தியது. எங்களுக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. 1950இல் கென்யாவில் பதிந்த பாட்டுக்களை, 60 வருடங்களுக்கு மேல் கழித்து, பாடியவர்களின் ஊர்களுக்கே அவர்கள் திருப்பிக் கொண்டுபோனார்கள். எந்த ஊர், எந்த இனத்தார், என்ன வாத்தியம் என்று ட்ரேசி அன்றே குறித்து வைத்திருக்காவிட்டால் யாரிடம் போய்க் கொடுப்பது?

ஆப்பிரிக்கா எங்களுக்குத் தூரமுமில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எங்கள் சனத்தில் பெரும்பங்கினர் புத்தளத்தில்தான் ஒதுங்கினார்கள். எங்கள் வயதுக்காரர் பலர் பிறந்து வளர்ந்ததே அந்த முகாம்களில். அதே புத்தளத்தில், சிரம்பியடியில், போர்த்துக்கேயர் காலம் தொட்டு இங்கு கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழித்தோன்றல்கள் வாழ்கிறார்கள். அவர்களது மஞ்ஞா பாட்டு மெதுவாகத் தொடங்கி, போகப்போக வேகம் பிடிக்கும். மேளம், தேங்காய்ச் சிரட்டை, போத்தல், கரண்டி எல்லாம் அதில் வாத்தியம். பாட்டின் மொழி போர்த்துக்கேயக் கிரியோல். அதைப் பேசுவது அருகிவிட்டது, பாட்டு மட்டும் நிற்கிறது. அகதியாகப் போன நாங்கள், இன்னும் எவ்வளவோ தூரத்திலிருந்து பிடுங்கிக் கொண்டுவரப்பட்டவர்களின் பக்கத்து ஊரில் இருந்திருக்கிறோம். அப்போது அது விளங்கவில்லை.

இனி றபானுக்கு வருவோம். நோன்பு காலத்தில் ஸஹருக்கு எழுப்ப வரும் பாவாவின் றபான் சத்தத்தை எங்கள் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். பக்கீர் பைத்தும் அப்படித்தான். ஊரை விட்டு வந்தபோது கையில் எடுக்க முடிந்ததைத்தான் எடுத்தார்கள். அந்த நேரத்தில் றபானை யார் நினைத்தார்கள்? வாத்தியம் கூடுமா கூடாதா என்ற மார்க்கக் கருத்து வேறுபாடு எங்களுக்கும் தெரியும். அதை ஆலிம்களிடம் விடுவோம். இது எங்கள் சரித்திரம் பற்றிய பேச்சு.

ஒலியை எண்ணாக மாற்றுவது இன்று கஷ்டமில்லை. இசைத்தட்டில் ஒரு விநாடி ஓசை 44,100 துண்டாகப் பதியப்படுகிறது. கையிலிருக்கும் தொலைபேசியே போதும். ஆனால் ம்பிராவில் சிப்பிகளோ சோடா மூடிகளோ கட்டியிருப்பார்கள். அவை கிர்ரென்று அதிரும். அந்த அதிர்வும் சேர்ந்ததுதான் அவர்களுக்கு இசை. தெரியாதவர் அதை இரைச்சல் என்று வெட்டி எறிந்துவிடுவார். றபானிலும் அப்படித்தான். தோல் தளர்ந்தால் அனலில் காட்டி இறுக்குவார்கள். எவ்வளவு நேரம் காட்டுவது, எந்த விரல் எங்கே விழுவது, எந்தப் பைத்துக்கு எந்த அடி என்பதெல்லாம் அடித்தவர் சொன்னால்தான் தெரியும்.

நூலகம் நிறுவனம் 2005 முதல் தமிழ் பேசும் மக்களின் ஆவணங்களை எண்ணிமப்படுத்தி வருகிறது. சேகரித்துக் கொடுத்தால் வைக்க இடமிருக்கிறது. கொடுக்கத்தான் கையில் ஒன்றுமில்லை.

தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, முல்லைத்தீவு நகரம், புத்தளத்திலேயே தங்கிவிட்ட எங்கள் சொந்தங்கள், யார் வீட்டிலாவது பழைய றபான் இருந்தால், அடிக்கத் தெரிந்த ஒரு வாப்புச்சா இருந்தால், உட்பெட்டியில் எழுதுங்கள். தோல் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. இந்த விடுமுறையில் பிள்ளைகளோடு நாங்களே வீட்டுக்கு வருகிறோம்.