இந்தியாவில் புளூஸ்–சோல் கித்தார் இசை

புளூஸ் என்பது அமெரிக்காவின் தென்மாநிலங்களில் வாழ்ந்த ஆப்பிரிக்க வம்சாவளியினரின் தொழிற்பாடல்கள், தேவாலயப் பாடல்கள் ஆகியவற்றிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உருப்பெற்ற இசைவகை. பன்னிரண்டு தாள அலகுகள் கொண்ட சுற்று திரும்பத் திரும்ப வர, முதலடி இருமுறை பாடப்பெற்று, மூன்றாமடி அதற்கு விடையாக அமைவது இதன் பொதுவடிவம். கித்தார் வாசிப்பவர் விரலால் தந்தியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுரத்தைச் சற்றே ஏற்றி, அங்கேயே நடுங்கவிடுவது இதன் உயிர்நாடி. கமகம் கேட்டுப் பழகிய செவிக்கு இது அந்நியமாகப் படுவதில்லை.

சோல் என்பது 1950களில் தேவாலயப் பாட்டின் உருக்கமும் நடனத் தாளமும் கூடிப் பிறந்தது. இவ்விரண்டும் இணைந்ததற்கு மெம்பிஸ் நகரின் ஸ்டாக்ஸ் நிறுவனம் 1967இல் வெளியிட்ட ஆல்பர்ட் கிங்கின் ‘பார்ன் அண்டர் எ பேட் சைன்’ என்னும் இசைத்தட்டு முன்மாதிரியாகச் சுட்டப்படுகிறது. 1966 முதல் தனித்தனியாக வந்த பாடல்களையும் சேர்த்துத் தொகுத்த தட்டு அது. இடக்கைப் பழக்கமுள்ள கிங், வலக்கையருக்கான கித்தாரை அப்படியே திருப்பிப் பிடித்து, பிறர் மேலே தள்ளும் தந்தியைக் கீழே இழுத்து வாசித்தார்.

இந்தியாவில் இவ்வகை இசை முதலில் ஜாஸ் குழுக்களோடு வந்தது. வயலின் கலைஞர் லியான் ஆபி 1935இல் பம்பாய் தாஜ்மகால் ஓட்டலுக்குக் கறுப்பினக் கலைஞர் குழுவொன்றை அழைத்துவந்தார். பியானோக் கலைஞர் டெடி வெதர்ஃபோர்டு கல்கத்தாவில் வாசித்து, 1945இல் அங்கேயே காலரா கண்டு இறந்தார். இவர்கள் வாசித்ததை ஜாஸ் என்பதா, புளூஸ் என்பதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

பெருநகரங்களுக்கு வெளியேயும் மேலை இசை ஒலித்தது. ஜான் டெய்லர் நிறுவனம் 1880 முதல் சுரங்கத்தொழில் நடத்திய கோலார் தங்கவயலில், தொழிலாளரில் பெரும்பாலோராக இருந்த தமிழரிடையே பறையும் கூத்தும் வழங்க, ஆங்கிலோ இந்தியரிடையே மன்ற நடனங்களும் கிறிஸ்துமஸ் கால வாத்தியக் குழுக்களும் மேலை இசையை வளர்த்தன.

1970, 1971 ஆகிய ஆண்டுகளில் சிகரெட் நிறுவனமொன்றின் ஆதரவில் நடந்த ‘சிம்லா பீட்’ போட்டியின் பாடல்கள் இரு தொகுப்புத் தட்டுகளாக வெளிவந்தன. சென்னையின் கன்ஃபியூஷன்ஸ், பெங்களூரின் டைனோசார்ஸ், ஷில்லாங்கின் ஃபென்டோன்ஸ் முதலிய குழுக்கள் இவற்றில் இடம்பெற்றன; ராக் இசையே ஓங்கி நின்றாலும் அதனடியில் புளூஸின் சாயல் தெளிவாகக் கேட்கிறது.

இவ்வரலாற்றில் சான்றுகள் மிகுந்த பகுதி ஷில்லாங்கைச் சார்ந்தது. வேல்ஸ் நாட்டு மதப்பணியாளர் தாமஸ் ஜோன்ஸ் 1841இல், ஷில்லாங் அமைந்துள்ள காசி மலைக்கு வந்தபின் வேரூன்றிய தேவாலயக் கூட்டுப்பாட்டு, அம்மலை மக்களைப் பல குரலில் இசைந்து பாடப் பழக்கியது. பாடகர் லூ மஜாவ் 1972 முதல் ஆண்டுதோறும் மே 24 அன்று பாப் டிலனின் பிறந்தநாளைக் கச்சேரியாகக் கொண்டாடிவருவது அந்நகரின் இசைப்பற்றுக்குச் சான்று. இச்சூழலில், இசைக்கலைஞர் டோட்டோ வாலங்கின் மகனும் கித்தார் கலைஞருமான ரூடி வாலங், பாடகி டிப்ரிதி கர்பங்காருடன் சேர்ந்து 2003இல் ‘சோல்மேட்’ குழுவைத் தொடங்கினார். வாலங்கின் கித்தார் புளூஸ் மரபைப் பற்றிச் செல்ல, கர்பங்காரின் குரல் சோல் மரபின் அடிவயிற்று முழக்கத்தைத் தருகிறது. பாடலடி முடிந்து குரல் ஓயும் இடைவெளியில் கித்தார் விடைசொல்லும் முறை இவர்களிடம் சிறப்பாக அமைந்துள்ளது. ‘ஷில்லாங்’ (2005), ‘மூவிங் ஆன்’ (2009), ‘டென் ஸ்டோரீஸ் அப்’ (2014) ஆகியவை இவர்களின் தொகுப்புகள். 2007இலும் 2010இலும் மெம்பிஸில் நடந்த பன்னாட்டு புளூஸ் போட்டியில் இக்குழு பங்கேற்றது. ‘ஷில்லாங்’ இந்தியாவின் முதல் புளூஸ் தொகுப்பு எனச் சிலர் கூறுவர். சிம்லா பீட் தட்டுகளைக் கணக்கில் கொள்வோர் இதை அப்படியே ஏற்பதில்லை.

2011 முதல் மும்பையில் மகிந்திரா புளூஸ் விழா நடைபெறலாயிற்று. அதன் மேடையில் பட்டி கை போன்ற அமெரிக்கக் கலைஞர்கள் வாசித்துள்ளனர்.

மறுபுறம், கோலார் தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. அதற்கு முன்பே ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் குடிபெயர்ந்திருந்தன. இசைத்தட்டுகளை மட்டும் சான்றாகக் கொண்டு எழுதும் வரலாறு ஷில்லாங்கின் பக்கமும் பெருநகரங்களின் பக்கமுமே சாயும். தங்கவயல் போன்ற ஊர்களில் மேடையோடு முடிந்துபோன இசையை அறிய அவ்வூராரின் நினைவுகளையும் சான்றாகக் கொள்வதே முறை.