சப்பாத்து அறையில் இருந்து வந்த முகாமையாளர்

1974 ஜூலை. எப்.ஏ. கிண்ணத்தை வென்று இரண்டு மாதம்தான். லிவர்பூல் கழகத்தின் முகாமையாளர் பில் ஷாங்லி திடீரென்று பதவி விலகினார். நகரமே நம்பவில்லை.

நிர்வாகம் வெளியில் பெரிய பெயரைத் தேடியிருக்கலாம். ஆனால் அவருடைய உதவியாளர் பொப் பெய்ஸ்லியைத்தான் கேட்டது. வயது 55. 1939இல் வீரராக வந்தவர். ஆட்டத்தை விட்ட பிறகு காயம் பார்ப்பவராக, பயிற்றுவிப்பாளராக அங்கேயே இருந்தவர். பதவியில் அவருக்கே விருப்பமில்லை. மேடைப் பேச்சும் வராது.

அன்பீல்ட் மைதானத்தில் சப்பாத்து வைக்கும் சின்ன அறை ஒன்று. பயிற்றுவிப்பாளர்கள் அங்கே கூடி ஒவ்வொரு வீரரைப் பற்றியும் பேசிக்கொள்வார்கள். அடுத்த முகாமையாளர் உருவானது அந்த அறையில்தான், நேர்முகப் பரீட்சையில் அல்ல.

முதல் பருவத்தில் பெரிய கிண்ணம் எதுவுமில்லை, லீக்கில் இரண்டாமிடம். பழைய முகாமையாளரும் பயிற்சி மைதானத்துக்கு வந்துகொண்டிருந்தார். பொடியன்கள் அவரைத்தான் இன்னும் 'பொஸ்' என்றார்கள். பெய்ஸ்லிக்கு எப்படி இருந்திருக்கும்! நம்மட ஆட்களென்றால் அந்த வருடமே அனுப்பியிருப்போம். கழகம் பொறுத்தது. 1983 வரை 6 லீக் பட்டங்கள், 3 ஐரோப்பியக் கிண்ணங்கள். அடுத்து வந்த ஜோ பேகனும் அதே அறைக்காரர்.

2013இல் மென்செஸ்டர் யுனைட்டட்டில், விலகிய அலெக்ஸ் பெர்குசன் சொன்ன டேவிட் மோயஸை எடுத்தார்கள். 6 வருட ஒப்பந்தம், 10 மாதத்தில் ஆள் வெளியே. மோயஸை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை. பெர்குசனின் உதவியாளர்கள் அந்தக் கோடையிலேயே போய்விட்டார்கள். மோயஸ் எவர்ட்டனில் இருந்து தன் ஆட்களைக் கூட்டி வந்தார்.