எட்வர்ட் எலியட்ஸ் சாலையின் கொல்லைப்புறம்

மயிலாப்பூரில் நரி இருந்தது என்று சொன்னால் கச்சேரி ரோடு பஸ் நிறுத்தத்தில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். 1920களில் இந்தப் பக்கமெல்லாம் புதர்க்காடு. நரி உண்டு, வெளிமான் உண்டு, பறவைகளுக்குக் கணக்கே இல்லை. இன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை என்கிறோமே, அன்றைய எட்வர்ட் எலியட்ஸ் சாலை, அங்கே ‘பெருங்குளம் ஹவுஸ்’ என்ற வீட்டில் எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டி ஒருவன் கீரிப்பிள்ளை வளர்த்துக்கொண்டிருந்தான். பின்னாளில் நாடறிந்த இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் அவன்தான். திருநெல்வேலியில் 1912 ஜூன் 30 அன்று பிறந்தவர்.

‘மா’ என்றால் மாதவையா. ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவேதான். உப்பு, அப்காரி இலாகா உத்தியோகத்தை முன்கூட்டியே விட்டுவிட்டு மயிலாப்பூரில் வீடு கட்டி, அச்சுக்கூடம் வைத்து, ‘பஞ்சாமிர்தம்’ பத்திரிகை நடத்தினார். 1925 அக்டோபரில் சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில், பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசிவிட்டு உட்கார்ந்தவர், அங்கேயே உயிர் விட்டார். பையனுக்கு அப்போது பதின்மூன்று வயது. அப்பா விட்டுப்போனவை வீடும் எழுத்துப் பழக்கமும். பிள்ளை இரண்டையும் கடைசிவரை விடவில்லை.

மாநிலக் கல்லூரியில் படித்தார். மதிப்பெண் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆனால் அங்கே பி. எஃப். ஃபைசன் என்ற தாவரவியல் பேராசிரியர் இருந்தார், மலைத் தாவரங்களில் பெரிய கை. அவரோடு நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போய்த் திரிந்த பையன், பேராசிரியரின் மனைவியிடம் நீர்வண்ண ஓவியமும் கற்றுக்கொண்டான். பிறகு சட்டமும் படித்தார், அதனால் பெரிய பிரயோஜனம் இல்லை. 1937இல் இந்துமதியை மணந்தார். நிரந்தர வேலை கிடையாது. பத்திரிகைகளுக்குப் படம் வரைந்து கொடுத்து ஓட்டிய குடும்பம்.

1942இல் சண்டூர் சமஸ்தானத்திலிருந்து அழைப்பு வந்தது. பெல்லாரி பக்கம், இரும்புத்தாது நிறைந்த மலைகளுக்கு நடுவே, கோர்படே மராட்டிய வம்சம் ஆண்ட சின்ன ராஜ்ஜியம். அங்கே கிருஷ்ணன் பள்ளி ஆசிரியராக, நீதிபதியாக, விளம்பர அதிகாரியாக, அரசரின் அரசியல் செயலாளராக இருந்தார். ஒரே ஆள்தான்! சின்ன ராஜ்ஜியத்தில் அப்படித்தான். நேரம் கிடைத்தபோது ஆடு மேய்த்தார், புறா வளர்த்தார். சும்மா அழகுக்கு வளர்த்த புறா இல்லை, கடிதம் கொண்டுபோகப் பழக்கிய புறா.

இந்த இடத்தில் என்னால் நிற்காமல் போக முடியாது. நான் ஆர்.எம்.எஸ்.ஸில் சார்ட்டராக இருந்தவன், ஓடுகிற ரயிலில் நின்றபடியே கடிதம் பிரித்த சர்வீஸ் எனக்கு. புறாத் தபால் என்றாலே ராஜா காலத்துக் கதை என்று நினைத்திருந்த சகாக்கள் உண்டு. ஒரிசா காவல்துறை 1946இல் புறாப் படை ஒன்றைத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் நடத்தியது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். சண்டூர் மனிதருக்கோ அது வேலையும் ஆசையும் ஒன்றாகச் சேர்ந்த விஷயம். தபாலில் இருந்த எங்களில் எத்தனை பேருக்கு அப்படி வாய்த்தது?

1949இல் சண்டூர் இந்தியாவோடு இணைந்தது. வேலை போயிற்று. சென்னைக்குத் திரும்பிய கிருஷ்ணன் அதற்குப் பிறகு எவரிடமும் மாதச் சம்பளத்துக்குப் போகவில்லை. எழுத்து, ஒளிப்படம், ஓவியம், அவ்வளவுதான் வருமானம். இதைத் துறவு மாதிரி சிலாகிப்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கையில் குடும்பம் இருக்கும்போது ஒரு மனிதர் அப்படி முடிவெடுத்தால், வீட்டில் இன்னொருவரும் அதைச் சுமந்துதான் இருப்பார். நான் படித்தவரை கிருஷ்ணனைப் பற்றி எழுதியவர்கள் இந்துமதி அம்மாளுக்கு ஒரு வரி கொடுத்துவிட்டுக் காட்டுக்குள் போய்விடுகிறார்கள். அது சரியில்லை.

1950இல் கல்கத்தா ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் ‘கன்ட்ரி நோட்புக்’ என்ற பத்தியைத் தொடங்கினார். பதினைந்து நாளுக்கு ஒன்று. 1996 பிப்ரவரி 18 அன்று காலமாகும்வரை, 46 ஆண்டுகள். மயிலாப்பூர்க் கவர்களில் பாதியாவது ஹவுரா மெயிலில்தான் போயிருக்க வேண்டும். ஏதோ ஒன்று என் கைப்பட்டிருக்குமா என்று யோசிப்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

அந்தப் பத்திகளில் யானையும் புலியும் மட்டும் வருவதாக நினைக்காதீர்கள். முதுமலை போனார், டாப்ஸ்லிப் போனார், யானை மேல் ஏறி உட்கார்ந்து படமெடுத்தார். புலிகள் பாதுகாப்புத் திட்டத்தின் வழிகாட்டுக் குழுவில் இருந்தார், 1970இல் பத்மஸ்ரீ வாங்கினார். இதெல்லாம் எல்லோரும் எழுதுவது. ஆனால் காக்கை, அணில், பல்லி, ஆடு, எருமை என்று வீட்டிலிருந்தபடியே பார்க்கக்கூடியவற்றுக்கும் அவர் அதே மரியாதையைக் கொடுத்தார். 1961இல் வந்த அவருடைய நூலின் தலைப்பிலேயே காட்டுக்குப் பக்கத்தில் கொல்லைப்புறத்தை உட்காரவைத்தார். வெளியே போவதற்காக வீட்டை விட்டுப் போன மனிதர் இல்லை இவர். வீட்டு வாசலில் தொடங்கி வெளியே போனவர்.

பிடிவாதம் ஜாஸ்தி. கறுப்பு வெள்ளையில்தான் படமெடுப்பார். காமிராவும் பல பாகங்களைச் சேர்த்துத் தானே கட்டிக்கொண்ட கனமான சாதனம், அதற்கு ‘சூப்பர் பாண்டரோஸா’ என்று கேலிப் பெயர் வேறு. ரோட்டோரத்தில் குல்மொகரும் யூகலிப்டஸும் நட்டால் கோபம் வரும். இந்த மண்ணின் மரம்தான் வேண்டும் என்பார். குல்மொகர் விஷயத்தில் எனக்கு மனவருத்தம் உண்டு, மே மாதத்தில் அதைப்போல அழகு எது? ஆனால் புயலடித்தால் முதலில் விழுவது அதுதான் என்பதை நானும் கண்டிருக்கிறேன்.

தமிழிலும் எழுதினார். பெரியசாமித் தூரன் பதிப்பித்த கலைக்களஞ்சியத்துக்கு விலங்குகள், பறவைகள் பற்றிக் கட்டுரைகள் கொடுத்தார். ‘கதிரேசன் செட்டியாரின் காதல்’ என்று ஒரு துப்பறியும் நாவல்கூட உண்டு. தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தேடித் தொகுத்து ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்று கொண்டுவந்தார். செனட்டில் தமிழுக்காகப் பேசி உயிர்விட்டவரின் பிள்ளைக்கு அந்தக் கடன் இருந்தது, அவர் அடைத்தார் என்பது என் கட்சி.

எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது வேறொன்று. பேத்திக்காக, ஆங்கில அகரவரிசைப்படி எழுத்துக்கு ஒரு விலங்கு என்று பாட்டுக் கட்டி, தானே படமும் போட்டுக் கொடுத்தார். அச்சில் போட எழுதியதல்ல, வீட்டுக்குள் ஒரு குழந்தைக்கு எழுதியது. அவர் மறைந்து கால் நூற்றாண்டு கழித்துத்தான் அது புத்தகமாக வந்தது. என் பேத்திக்கு அதை நான் தமிழில் சொல்லிச் சொல்லித்தான் காட்டுகிறேன், பாட்டாக வரமாட்டேன் என்கிறது. சந்தம் தெரிந்த குழந்தைக் கவிஞர் யாராவது இதைப் படித்தால், அந்தப் புத்தகத்தைத் தயவுசெய்து ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.