கொல்கத்தா குளத்தில் எந்த லூர் கைகொடுக்கும்? வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

சால்ட் லேக் செக்டார் ஃபைவிலோ நியூ டவுனிலோ வேலை. ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் எடுத்து ஏதாவது ஒரு குளத்தில் தூண்டில் போடலாம் என்று ஆசை. ஆன்லைனில் தேடினால் நூற்றுக்கணக்கான லூர்கள், எல்லாமே 'பெஸ்ட்'. நம்பி வாங்கிக்கொண்டு போனால் சாயங்காலம்வரை ஒரு கடிகூட இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வங்காளிப் பெரியவரோ எறும்பு முட்டையை வைத்தே ரோகுவாக எடுத்துக்கொண்டிருக்கிறார். ஏன் இப்படி?

லூர் என்றால் என்ன?

சின்ன மீனைப் போட்டுப் பெரிய மீனைப் பிடிப்பது என்பார்கள். அந்தச் சின்ன மீனுக்குப் பதில் பொய்யாக ஒன்றைச் செய்து போட்டால் அதுதான் லூர். அதற்குப் பெரும்பாலும் வாசனையோ ருசியோ இருக்காது. அசைவு, மினுமினுப்பு, தண்ணீரில் உண்டாக்கும் அதிர்வு இவைதான் அதன் பலம். மீன்கள் உடலின் பக்கவாட்டில் ஓடும் உணர்கோட்டால் அந்த அதிர்வை அறிகின்றன.

பின்லாந்து மீனவர் லாரி ராபலா 1936இல் தக்கையைச் செதுக்கித் தன் முதல் லூரைச் செய்தார். அடிபட்டுத் தள்ளாடும் குட்டிமீனைத்தான் பெரிய மீன் முதலில் பாய்ந்து பிடிக்கிறது என்பது அவர் கவனித்த விஷயம். இன்றைக்கும் பல லூர்கள் அந்தத் தள்ளாட்டத்தைத்தான் நகல் எடுக்கின்றன.

அப்படியென்றால் இங்கே ஏன் எடுபடுவதில்லை?

வங்காளத்துக் குளங்களில் பெரும்பாலும் வளர்ப்பது ரோகு, கட்லா, மிர்கால். கட்லா மேல்மட்டத்து மிதவை நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னும். ரோகு நடுமட்டத்தில் பெரும்பாலும் தாவர உணவைத் தேடும். மிர்கால் அடிச்சேற்றைக் கிளறும். மூன்றும் வேட்டை மீன்கள் அல்ல. ஓடுகிற குட்டிமீனைத் துரத்தும் பழக்கமே இல்லாத மீனிடம் லூரைக் காட்டி என்ன பயன்?

அதனால்தான் கொல்கத்தாக்காரர்கள் வாசனையை நம்புகிறார்கள். கடுகுப் புண்ணாக்கு, தவிடு, வறுத்த மசாலா கலந்த 'சார்' தூவி மீனை ஓரிடத்தில் கூட்டுவார்கள். பிறகு எறும்பு முட்டை அல்லது மாவு உருண்டையை 'டோப்' ஆக முள்ளில் கோப்பார்கள். கெண்டைக் குளத்துக்கு இதுதான் சரியான வழி.

லூர் யாருக்கு?

வேட்டை மீன்களுக்கு. இங்கே 'ஷோல்' எனப்படும் விரால் முதல் இலக்கு. குறவை, வாளை ஆகியவையும் பாயும். கடலோரம் பக்கம் போனால், வடக்கு 24 பர்கானாவின் உவர்நீர்ப் பண்ணைகளில் கொடுவா உண்டு. கொல்கத்தாவில் அதற்கு 'பேட்கி' என்று பெயர்.

டிக்கெட் எடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இந்தக் குளத்தில் என்ன மீன் இருக்கிறது?" கெண்டை மட்டும்தான் என்றால் லூர் டப்பாவை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

ஒரே ஒரு லூர் வாங்குவதென்றால்?

ஆகாயத்தாமரையும் பாசியும் மூடிய குளம் என்றால் தவளை லூர். உள்ளே காலியான மெத்தென்ற உடல், அதை ஒட்டிப் பதுங்கிய இரண்டு முட்கள். செடியில் அவ்வளவு எளிதில் மாட்டாது. விரால் கவ்வி உடல் அமுங்கும்போதுதான் முள் வெளியே வரும். அதனால் தண்ணீர் சிதறியதும் பதறி இழுக்காதீர்கள். ஒரு நொடி விட்டுச் சுண்டுங்கள்.

செடி குறைவான திறந்த நீர் என்றால் சின்ன ஸ்பின்னர். இழுத்தாலே தகடு சுழலும், தனியாக வித்தை எதுவும் தேவையில்லை. புதியவர்களுக்கு அதுதான் வசதி.

நிறம்? கலங்கிய நீரில் கறுப்பு போன்ற அடர்நிறமோ பளிச்சென்ற நிறமோ, தெளிந்த நீரில் குட்டிமீனின் இயல்பான நிறமோ போதும். நிறத்தைவிட லூர் போகும் ஆழமும் வேகமும் முக்கியம்.

'ராசியான லூர்' என்பது உண்மையா?

கொஞ்சம் கணக்குப் போடலாம். ஒருவர் 'அ' லூரை 8 மணி நேரம் வீசி 4 மீன் பிடிக்கிறார். 'ஆ' லூரை 2 மணி நேரம் மட்டும் வீசி 2 மீன் பிடிக்கிறார். கேட்டால், "அ-தான் ராசி, நாலு மீன் கொடுத்துச்சு" என்பார். ஆனால் மணிக்கு எத்தனை என்று பார்த்தால் அ அரை மீன், ஆ ஒரு மீன். பிடித்த லூரையே நாள் முழுக்க வீசினால் மீனும் அதில்தானே விழும்!

அதற்காக ஆ-தான் சிறந்தது என்றும் உடனே சொல்ல முடியாது. 2 மணி நேரம் என்பது மிகக் குறைவு. போனில் ஒரு குறிப்பு போதும்: தேதி, நேரம், நீர் கலங்கலா தெளிவா, எந்த லூர், எத்தனை மணி நேரம், எத்தனை கடி. ஒரே குளத்தில் இரண்டு லூரையும் அரை மணிக்கு ஒருமுறை மாற்றி மாற்றி வீசிப் பாருங்கள். பத்துப் பயணம் முடிந்தால் மற்றவர்கள் சொல்வதைவிட உங்கள் குறிப்பு நம்பகமாக இருக்கும்.

எப்போது வீசக் கூடாது?

மழைக்காலத்தில் நீர்மட்டத்தில் செந்நிறக் குஞ்சுகள் பந்துபோலத் திரண்டு நகர்ந்தால், கீழே தாய், தந்தை விரால்கள் காவல் நிற்கின்றன என்று அர்த்தம். அங்கே எதைப் போட்டாலும், பசிக்காக இல்லாமல் குஞ்சைக் காப்பதற்காகவே பாயும். அந்த நேரத்தில் பெரிய மீனைத் தூக்கினால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகும். சுலபமாகச் சிக்கும் என்பதற்காகவே விட்டுவைக்க வேண்டிய மீன் அது.

வாளையும் ஐயூசிஎன் பட்டியலில் அபாயத்துக்குள்ளாகும் இனம்தான். சிக்கினால் ஈரக் கையால் பிடித்து, முள்ளைக் கழற்றி நீரிலேயே விட்டுவிடலாம். முள்ளின் கொக்கியைக் குறடால் நசுக்கித் தட்டையாக்கி வைத்தால் கழற்றுவது எளிது. உங்கள் விரலில் ஏறினாலும் அதே நன்மைதான். அறுந்த நரம்பைக் கரையில் போடாமல் பையில் எடுத்து வாருங்கள். கொக்கின் காலில் அது சுற்றினால் கழற்றிவிட அங்கே ஆள் இருக்காது.